நாவாட்டிக்கு நூறு மணி

குளிர்மனையின் பேணுநர் வாசல் காலை ஆறரைக்குத் திறக்கும். நான் ஆறு இருபதுக்கே அங்கே நிற்பேன். எங்கள் வீட்டில் எவரும் எந்த வாசலுக்கும் தாமதமாகப் போனதில்லை. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அறுபது மாடங்களைக் கடந்து கடைவரிசைக்குப் போவேன். வெளியே ஏற்காட்டில் அந்த நேரத்திலேயே முப்பத்தொரு டிகிரி வெப்பம் இருக்கும். உள்ளே பத்தொன்பது.

என் மாடம் அறுபத்தொன்று. அதில் ஒரு பலாக்கட்டை தொங்குகிறது. கட்டை முழுவதும் சுண்டைக்காய் அளவில் பச்சைக் குமிழ்கள் வரிசையாக ஊர்ந்திருக்கும். ஒவ்வொரு குமிழின் தலையிலும் ஒரே ஓர் இலை. இது ஓர் ஆர்க்கிட் செடி என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். பூ கட்டைவிரல் நகத்தில் பாதி இருக்கும். நிறம் ஆட்டு ஈரலின் நிறம். மணம், மழையில் நனைந்த நெத்திலிக் கருவாட்டின் மணம். பலர் அதை நாற்றம் என்பார்கள். நான் மணம் என்றே எழுதுவேன்.

அந்தப் பூவின் கீழிதழ் ஒரு கீலில் மாட்டியதுபோல் அமைந்திருக்கும். லேசாகக் காற்றுப் பட்டாலும் அது மேலும் கீழும் ஆடும். அதனால்தான் நாவாட்டி என்று பெயர்.

மழைநீரைப் புகையாகத் தெளிப்பேன். குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது. இலையடியில் செதில்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தூரிகையால் தட்டி எடுப்பேன். ஈக்களை விரட்டுவேன். கடைசியாக, மாடத்தின் நெற்றியில் பதித்திருக்கும் கண்மானியின் வில்லையை மெல்லிய துணியால் துடைப்பேன். கண்மானிக்குக் கீழே ஒரு சிறு விளக்கு உண்டு. யாராவது செடியைப் பார்த்தால் அது பச்சையாக எரியும். முப்பத்தொரு ஆண்டுகளாகத் துடைக்கிறேன். எனக்காக அது ஒருமுறைகூட எரிந்ததில்லை. எரியக் கூடாது என்பது சட்டம்.

பெருந்தீக்குப் பிறகு வந்த சட்டம் அது. மலைக்காடுகள் எரிந்து முடிந்தபோது, மரத்தில் தொற்றி வாழ்ந்த செடிகளைச் சாக்கு மூட்டைகளில் கட்டி இறக்கினார்கள். அவற்றைக் காப்பாற்றக் குளிர்மனைகள் கட்டினார்கள். குளிருக்கு மின்சாரம் வேண்டும், தண்ணீர் வேண்டும். எல்லாச் செடிக்கும் இடம் போதாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பத்தாண்டு வாதாடிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஓர் ஆண்டில் நூறு மணி நேரமாவது மனிதக் கண்கள் பார்க்கும் செடிக்கு மாடம் உண்டு. நூறு ஆகாவிட்டால் அதன் திசுவைக் கொஞ்சம் வெட்டித் துயிலறையில் உறையவைத்துவிட்டு, செடியை அப்புறப்படுத்துவார்கள். துயிலறைக்குப் போன எதையும் இதுவரை எழுப்பியதில்லை.

சலிப்போடு பார்க்கும் கண்ணைக் கண்மானி சேர்த்துக்கொள்ளாது. கருவிழி விரிவதை வைத்து அது ஈடுபாட்டை அளக்கும் என்பார்கள். அதனால் கூலிக்கு ஆள் பிடித்து உட்காரவைக்க முடியாது. பேணும் குடும்பத்தாரின் கண்ணும் சேராது. ஆரம்பத்தில் சேர்த்திருந்தார்கள். ஒரு குடும்பம் பாட்டன் முதல் பேத்திவரை முறைபோட்டு, சோற்றுத் தட்டோடு செடிமுன் உட்கார்ந்துவிட்டதாம். அதன் பிறகு இரத்த உறவு, மண உறவு இரண்டையும் விலக்கிவிட்டார்கள். உறவு விலக்கு என்று அதற்குப் பெயர்.

மாடத்துக்கு மாடம் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். எங்கள் தகட்டில் ‘மிளகுக்காட்டு வீடு’ என்று பொறித்திருக்கிறது. என் தாத்தா கார்மேகம் வாங்கிய தகடு. சேலத்தில் நடந்த ஏற்பு நாளில், பேணுவதற்கு ஆயிரம் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு செடிகளை ஏற்றன. மஞ்சள் பூவுக்கும் ஊதாப் பூவுக்கும் அடிதடி நடந்தது. எல்லாம் முடிந்த பிறகு மேசைமேல் ஒரு பலாக்கட்டை மிஞ்சியது. அதிகாரி மூன்று முறை கேட்டார். சபை சிரித்தது. என் தாத்தா எழுந்து, “கடைசில மிஞ்சினத எடுக்கறதுக்கும் ஒரு வீடு வேணுமில்லீங்களா?” என்றாராம். அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நின்றுகொண்டிருக்கிறது. தகடு இறக்கிய வீடு என்று ஒரு குடும்பத்தைச் சொன்னால் இந்த மலையில் அதைவிடப் பெரிய இழிவு கிடையாது. போன ஆண்டு அறுபதாம் மாடத்தில் இருந்த வேரழகிக்கு நூறு ஆகவில்லை. இலையே இல்லாமல் வேரை மட்டும் பரப்பி வாழும் செடி. அதைத் துயிலறைக்குக் கொண்டுபோன வாரமே அந்தக் குடும்பம் மலையைவிட்டு இறங்கிப் போய்விட்டது.

நாவாட்டிக்கு அப்படி ஆனதில்லை. ஆண்டுதோறும் நூற்றைந்து, நூற்றாறு, நூற்றைந்து என்று தாண்டிவிடும். நான் காலையில் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவன். தண்ணீர்த் தொட்டி நிரப்பும் வியாழக்கிழமை மட்டும் மாலைவரை இருப்பேன். நான் இல்லாத நேரத்தில் மனிதர்கள் வந்து மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றும், எங்கள் வீட்டுப் பெயருக்காக வருகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமைகளில் மரியாதை தெரியாத ஒருவரும் வருவார். பூரணம். மூன்றாம் மாடத்துப் பொன்மழையின் பேணுநர். பொன்மழையைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஒரு கொத்தில் இருநூறு மஞ்சள் பூ. சேலத்திலிருந்து மலையேறும் கம்பிவண்டியில் வருகிறவர்கள் நேரே அங்கேதான் போவார்கள். பூரணம் அதே கம்பிவண்டியில் முப்பத்திரண்டு ஆண்டு நடத்துநராக இருந்தவர். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. குரல் மட்டும் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை முன்வரிசை மாடங்களைக் கிருமிநீக்கத்துக்காகச் சாத்திவிடுவார்கள். கடைவரிசையை யாரும் சாத்துவதில்லை. அன்று நான்கு மணிக்கு அவர் வந்து பார்வையாளர் பலகையில் உட்காருவார்.

“என்ன மிளகுக்காட்டாரே, இன்னைக்கு மீன் கடை தொறந்திருக்கா?”

“பூத்திருக்கு” என்பேன்.

“அதான் வாசல்லயே தெரியுதே.” பிறகு பூவிடம் திரும்பிவிடுவார். “ஏய், யாரப் பாத்து நாக்க நீட்டற? டிக்கெட் எடுத்தியா? எடுக்கலைன்னா எறங்கு, அடுத்த வண்டில வா.”

இரண்டு மணி நேரம் இப்படியே போகும். நான் பேணுநர் பகுதியைப் பிரிக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றபடி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். கண்மானி ரசிப்பைத்தான் அளக்கும், ஏளனத்தை அளக்காது என்பது பேணுநர்களிடையே உள்ள நம்பிக்கை. அதனால் அவருடைய வருகையை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை.

சென்ற கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, தர்மபுரியிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. முன்வரிசை சாத்தியிருந்ததால் சுற்றிக்கொண்டு கடைவரிசைக்கு வந்துவிட்டார்கள். பட்டுப்புடவையும் மாலையுமாகப் பத்துப் பேர். பூரணத்துக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

“வாங்க, வாங்க. முன்னாடி ஏறினவங்க உள்ள நகந்து நில்லுங்க. மூக்கப் பொத்திக்கறவங்க பொத்திக்கலாம், அதுக்குத் தனி டிக்கெட் இல்ல.”

மணப்பெண் குனிந்து முகர்ந்து, “அய்யய்யோ” என்று கத்திவிட்டுச் சிரித்தாள். மறுபடியும் குனிந்தாள். மாப்பிள்ளையின் கழுத்தைப் பிடித்து அவனையும் குனியவைத்தாள். ஒரு பெரியவர் ஊதினார். பூ நாக்கை ஆட்டியது. எல்லாரும் ஆளுக்கொருமுறை ஊதினார்கள். அதுவரை நான் பொறுத்தேன்.

“இவ்வளவு அழகான பூவ யாருங்க தேடிப் புடிச்சது?” என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார்.

“இவங்க தாத்தா” என்று பூரணம் என்னைக் காட்டினார். “அன்னைக்கு அவருக்குச் சளி. வாசம் தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பாரா? அந்தத் தகட்டுல மூக்கடச்ச வீடுன்னு எழுதியிருக்கணும்.”

பத்துப் பேரும் சிரித்தார்கள். சேலத்துச் சபை சிரித்த சிரிப்பு அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. நான் கோட்டைத் தாண்டி முன்னால் வந்தேன்.

“போதும். எல்லாரும் கெளம்புங்க. பூரணம், இந்த வாசலை நீங்க இனிமே மிதிக்க வேண்டாம்.”

“அட, விளையாட்டுக்குச் சொன்னேங்க.”

“எங்க வீடு விளையாட்டுச் சாமான் இல்ல.”

பேணுநருக்கு வாசல் தடை போடும் உரிமை உண்டு. அன்றே பதிவு செய்தேன். அதன் பிறகு அவர் முகத்தைக் கண்டால் அறுபத்தொன்றாம் மாடத்தின் கதவு திறக்காது. அடுத்த வாரம் பூரணம் குளிர்மனைப் பதிவாளர் ஜெரால்டு வழியாக ஒரு கடிதம் அனுப்பினார். பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். உறையின்மேல் ‘தேவையில்லை’ என்று எழுதியிருந்தேன். கையெழுத்தும் போட்டிருந்தேன்.

பிப்ரவரியின் கடைசி நாள் ஜெரால்டே நேரில் வந்தார். நாற்பது வயதிருக்கும். மென்மையாகப் பேசுகிற மனிதர். கையிலிருந்த திரையை இருமுறை துடைத்தார்.

“சார், எழுபத்தொண்ணுல நிக்குது. ஒரு மாசந்தான் இருக்கு.”

“என்ன எழுபத்தொண்ணு?”

“நாவாட்டிக்குப் பார்வை நேரம்.”

“வருஷா வருஷம் நூறத் தாண்டுதே.”

“தாண்டுச்சு சார்.” அவர் திரையை என் பக்கம் திருப்பினார். ஏழு நாளுக்கு ஒரு கோடு, சீப்பின் பல்போல் ஒரே அளவில் நின்றன. “வியாழக்கிழமை நாலுலருந்து ஆறு. மத்த நாள் பூராவும் பாருங்க, காலி. இந்தக் கடைசிக் கோட்ட விட்டா, வருஷம் முழுக்க மத்தவங்க எல்லாருமாச் சேந்து ரெண்டு மணி நேரம். கார்த்திகைக்கு அப்புறம் அந்தக் கோடும் இல்ல.”

சீப்பின் கடைசிப் பல் மட்டும் மற்றவற்றைவிட உயரமாக இருந்தது.

“அது ஒரு கல்யாணக் கோஷ்டி சார். பத்துப் பேரு, ஆளுக்கு அர மணி. இந்த மாடத்துக்கு இதுவரைக்கும் அதான் உச்சம்.”

“அவங்க சிரிச்சாங்க.”

“சிரிச்சுக்கிட்டே பாத்தாங்க சார்.”

“அந்தம்மா திட்டத்தான வந்தாங்க?”

“சலிப்பு மட்டுந்தான் சார் ஏறாது. திட்டினா ஏறும், சிரிச்சா ஏறும், அழுதாக்கூட ஏறும். அதுவும், வாரம் ரெண்டு மணி நேரம் ஒருத்தர் விடாம ஒரு பூவத் திட்டணும்னா...” என்றவர் நிறுத்திக்கொண்டார். “அதெல்லாம் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள இருபத்தொம்பது மணி வேணும். இல்லாட்டி ஏப்ரல் ஒண்ணாம் தேதி நான்தான் கத்தரியோட வரணும்.”

அவர் போன பிறகு நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். மூன்று பூக்கள் விரிந்திருந்தன. என் கண் முன்னால்தான் இருந்தன. விளக்கு அணைந்தே இருந்தது. என் பெயர் தாங்கிய செடி, என் கண் பட்டு ஒரு நொடிகூட வாழ முடியாத செடி, ஒரு பெண்ணின் வசவைத் தின்று வாழ்ந்திருக்கிறது. அந்த வாயை நான் மூடிவிட்டேன்.

தடையை நீக்குவது எளிது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழைப்பது வேறு. பத்துப் பேர் முன்னால் விரட்டியவரைத் தனியாகக் கூப்பிடுவது எங்கள் வீட்டு முறையல்ல. மறுநாள் பத்து மணிக்கு நான் பார்வையாளர் வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடத்துக்குப் போனேன். முப்பத்தொரு ஆண்டில் நான் ஒரு முன்வரிசை மாடத்துக்குள் போவது அதுதான் முதல் முறை. ஐம்பது பேராவது இருந்தார்கள். பொன்மழை கூரையிலிருந்து தரைவரை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே பச்சை விளக்கு அணைவதே இல்லை.

பூரணம் கோட்டுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை.

“என்ன, வழி தப்பி வந்துட்டீங்களா?”

“நாவாட்டி பூத்திருக்கு” என்றேன்.

“அது எப்பவுந்தான் பூக்குது.”

“மூணு பூ. வாசம் அதிகமா இருக்கு.”

“யாரு மூக்குக்கு?”

சுற்றியிருந்தவர்கள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

“பூரணம், அன்னைக்குப் பத்துப் பேர் முன்னால உங்கள வெளிய போகச் சொன்னேன். அது தப்பு. ஐம்பது பேர் முன்னால சொல்றேன், அது தப்பு. கடுதாசியத் திருப்பினது அதவிடத் தப்பு.”

அவர் கொய்யாவைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“அதுல என்ன எழுதியிருந்தேன்னு தெரியுமா? ‘என்னத் தடுங்க, வேற யாரையாவது வாரம் ரெண்டு மணி உக்கார வைங்க’ன்னு எழுதியிருந்தேன். நான் கணக்குப் போட்டுத்தான் வந்தேங்க. வாரம் ரெண்டு மணி, அம்பத்திரண்டு வாரம். ஒரு வாரம் காய்ச்சலோடகூட வந்திருக்கேன்.”

“ஏன்?”

“பொன்மழைக்கு நான் தேவையில்ல. நான் செத்தாக்கூட அதுக்கு ஆயிரம் பேரு. வண்டில முப்பத்திரண்டு வருஷம் தெனம் நூறு பேருகூட சண்ட போட்டவ நான். ஓய்வு வாங்கி வந்தா, எல்லாரும் பூவத்தான் பாக்கறாங்க, எங்கிட்ட யாரும் வாய் குடுக்கல. உங்க பூவு ஒண்ணுதான் நாக்க நீட்டுச்சு. சரி, இதோட பேசலாம்னு உக்காந்தேன்.” கொய்யாவை மறுபடியும் கையில் எடுத்தார். “எத்தன மணி பாக்கி?”

“இருபத்தொம்பது.”

“எத்தன நாளு?”

“இன்னையோட சேத்து முப்பத்தொண்ணு.”

“தெனம் ஒரு மணின்னா ரெண்டு மணி மிச்சம். வர்றேன். ஆனா திட்டுவேன்.”

“திட்டுங்க.”

“உங்க தாத்தாவையும் சேத்து.”

நான் சற்று யோசித்தேன். “அவரக் கொஞ்சம் கம்மியா” என்றேன். ஐம்பது பேரும் சிரித்தார்கள். அது என்னைச் சுடவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

மார்ச் முழுவதும் அவர் வந்தார். நானும் தினம் மாலை நான்கு மணிக்கு ஒரு முக்காலியைக் கோட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன். அவர் பூவைத் திட்டுவார். இடையிடையே என்னிடம் கேள்வி கேட்பார். பூ ஏன் இரவில் மணப்பதில்லை, குமிழ் சுருங்கினால் தண்ணீர் கூடுதலா குறைவா, ஈ வந்தால் ஏன் விரட்டுகிறீர்கள் என்றெல்லாம். கடைசிக் கேள்விக்கு, “வீடு சுத்தமா இருக்கணும்ல” என்று பதில் சொன்னேன். “அது கூப்பிட்டுத்தான வருது? விருந்தாளிய வாசல்ல நிறுத்தறது உங்க குடும்பப் பழக்கம்போல” என்றார். மறுநாளிலிருந்து விரட்டுவதை நிறுத்தினேன். ஒரு நாள் அவர் சுக்குக் காப்பி கொண்டுவந்தார். இன்னொரு நாள் நான் கொண்டுபோனேன். முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு எண் நூற்றிரண்டில் நின்றது. ஜெரால்டு தூரத்திலிருந்து கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் முதல் வியாழக்கிழமை நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். என் மனைவி காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் இதைக் கேட்கலாமா என்று ஒரு வாரம் எனக்குள் வழக்காடி, கேட்பதில் இழிவில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

“பூரணம், எங்க வீட்டுக்கு...” என்று தொடங்கினேன்.

“கேக்காதீங்க” என்றார் அவர். பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேட்டீங்கன்னா நான் சரின்னு சொல்லிருவேன். அப்புறம் நான் மிளகுக்காட்டு வீட்டுக்காரி. உறவு விலக்கு. என் கண்ணு செத்த கண்ணு. இத யாரு பாக்கறது?”

நாக்கு ஆடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இப்படியே இருக்கட்டுங்க. வாராவாரம் வர்றேன். அதுவே போதும்” என்றார். குரலில் வண்டி இல்லை.

ஐந்து வாரம் போயிற்று. வியாழன்தோறும் அவர் வந்தார், திட்டினார், ஆறு மணிக்குப் போனார். அவர் போகும்போது நான் தகட்டைப் பார்ப்பேன். தாத்தா அந்தக் கட்டையை எடுத்தது தகட்டுக்காகவா என்று ஒரு நாள் தோன்றியது. அவர் எடுத்தபோது தகடு என்று ஒன்று இருக்கவில்லை. தகடு பிறகு வந்தது. மேசைமேல் மிஞ்சிப் போனதைத் தனியாக விடக் கூடாது என்றுதான் எழுந்தார்.

ஓசூரில் இருக்கும் என் மகள் வேனிலைத் தொலைபேசியில் அழைத்தேன். தகடு அவளுக்கும் உரியது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

“தகடு இறக்கிய வீடுன்னு சொல்லுவாங்கம்மா. ஒனக்கும் சேத்துதான்.”

“அப்பா, எனக்கு ஆறு வயசுல நீங்க மொத மொதல்ல கூட்டிட்டுப் போனீங்க. மத்தப் புள்ளைங்க பாத்தா வெளக்கு எரியுது, நான் பாத்தா எரியல. எங்கிட்ட என்னமோ தப்பு இருக்குன்னு அழுதேன். நீங்க, ‘நம்ம வீட்டுக்காரங்க அழக் கூடாது’ன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லை. அதை அவளிடம் சொன்னேன்.

“எறக்கிருங்கப்பா” என்றாள். “அப்புறம் நானும் ஒரு நாள் வர்றேன். பாக்கறதுக்கு.”

ஜெரால்டு விண்ணப்பத்தை மூன்று முறை படித்தார். ஒரு குடும்பம் தானாகப் பேணலை விட்டுக்கொடுத்தால் செடி பொதுப் பேணலுக்குப் போகும், துறையின் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த விதி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஆள்தான் வந்ததில்லை.

“சார், வெளிய இதத் தப்பாத்தான் பேசுவாங்க. செடி செத்து எறக்கினாங்களா, உயிரோட எறக்கினாங்களான்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

“தெரியும். திருப்புளி இருக்கா?”

நான்கு திருகாணிகள். மூன்று உடனே கழன்றன. நான்காவது துருப்பிடித்திருந்தது. அதற்கு என் முழு பலமும் வேண்டியிருந்தது. தகடு இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதன்மேல் ஒரு சின்ன எண்ணை ஒட்டினார்கள். பொதுப் பேணலிலிருந்து வந்த பெண் தெளிப்பானைக் கையில் எடுத்தாள். மழைநீர் மட்டும், குழாய்த் தண்ணீர் கூடாது, ஈ வந்தால் வரட்டும் என்று அவளிடம் சொன்னேன். குறித்துக்கொண்டாள். மூன்றாம் முறை சொன்னபோது, “சரிங்கய்யா, எழுதிட்டேன்” என்றாள்.

பதிவேட்டிலிருந்து பெயரும், அதனோடு உறவு விலக்கும் நீங்க நாற்பத்தொரு நாள் ஆகும். அதுவரை நான் குளிர்மனைப் பக்கம் போகவில்லை. கடைவீதியில் இருவர் என்னைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர், “பாவம், மிளகுக்காட்டாருக்கே இந்த நெலமையா” என்றார். நான் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தேன். முதுகு வளையவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் வியாழக்கிழமையாக அமைந்தது. பார்வையாளர் வாசலில் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன். சீட்டு வாங்கினேன். கடைவரிசைக்கு நடந்து, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், பார்வையாளர் பலகையில் உட்கார்ந்தேன். அந்தப் பலகை இவ்வளவு தாழ்வானது என்று எனக்குத் தெரியாது. பூ சரியாகக் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விளக்கு எரியாமல் போய்விடுமோ என்று பயம்.

பிறகு திறந்தேன்.

முப்பத்தொரு ஆண்டு நான் இலையடியைப் பார்த்திருக்கிறேன், குமிழைப் பார்த்திருக்கிறேன், பூச்சியைப் பார்த்திருக்கிறேன். அந்த நாக்கின் ஓரத்தில் ஊதா நிறத்தில் பூனைமயிர் இருப்பதைப் பார்த்ததில்லை. அதன் நடுவில் மெருகு போட்டதுபோல் ஒரு பள்ளம். ஒரு சின்ன ஈ வந்து உட்கார்ந்தது. முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. பாரம் மாறியதும் நாக்கு சட்டென்று மேலே மடிந்து ஈயைப் பூவின் உள்ளே தூக்கிப் போட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஈ முதுகில் மஞ்சள் பொட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு, குடித்தவன்போல் தள்ளாடி வெளியே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். என் குரல் அந்த மாடத்தில் அப்படி ஒலித்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

நான்கு மணிக்கு அந்தக் குரல் கேட்டது. தகடு இருந்த வெள்ளை இடத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஊர் சொல்லியிருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பலகையின் எதிரே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“யாருங்க அது, ஜன்னலோரத்துல உக்காந்திருக்கறது? டிக்கெட் எடுத்தாச்சா?”

சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

“இதுல ரெண்டு பேருன்னு போட்டிருக்கு?”

“ஆமா” என்றேன். “ரெண்டு பேருக்குத்தான்.”

“அப்பத் தள்ளி உக்காருங்க” என்றார் பூரணம்.